டாக்டர் கார்ட்டர் வுட்சன்: தம் மக்களின் வரலாற்றை மீட்ட சான்றோர்

ஆண்டுதோறும் பிப்ரவரித் திங்களில் அமெரிக்க ஐக்கிய நாடுகளின் பள்ளிகளிலும் நூல்நிலையங்களிலும் மன்றங்களிலும் கறுப்பின மக்களின் வரலாறு கொண்டாடப்படுகின்றது. இன்று திங்கள் முழுதும் நடைபெறும் இவ்விழா 1926-ஆம் ஆண்டில் ஒரு வார விழாவாகத் தொடங்கியது. அதனைத் தொடங்கியவர் அரசாங்கத்தில் பதவி வகித்தவரல்லர். செல்வக் குடியிற் பிறந்தவருமல்லர். அடிமைகளாயிருந்த பெற்றோர்க்கு மகனாய்ப் பிறந்து, நிலக்கரிச் சுரங்கத்திற் கூலிக்கு உழைத்து, இருபதாம் வயதில் உயர்நிலைப் பள்ளியின் படியேறியவர். டாக்டர் கார்ட்டர் காட்வின் வுட்சன் என்பது அவர் பெயர். ஒரு மக்கட் கூட்டத்தார் தம் வரலாற்றைத் தாமே தேடவும், தாமே எழுதவும், தம் பொருளைக் கொண்டே அதனைக் காக்கவும் வேண்டும் என்பது அவர் கொண்ட கொள்கை. அக்கொள்கைக்காக அவர் 35 ஆண்டுகள் உழைத்தார். அவ்வுழைப்பின் வரலாறு நாம் அறியத்தக்கது.

பிறப்பும் இளமையும்

வுட்சன் 1875-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 19-ஆம் நாள், வர்ஜீனியா மாநிலத்தில் பக்கிங்ஹாம் வட்டத்தைச் சேர்ந்த நியூ கேண்டன் என்னும் சிற்றூரிற் பிறந்தார். தந்தையார் ஜேம்ஸ் ஹென்றி வுட்சன். தாயார் ஆன் எலைசா. இருவரும் அடிமைகளாயிருந்தவர்கள். 1861 முதல் 1865 வரை நிகழ்ந்த உள்நாட்டுப் போரின்போது தந்தையார் விடுதலை தேடி ஓடி, வடபுலத்துப் படைக்குத் துணை நின்றார். 1865-ஆம் ஆண்டின் இறுதியில் அடிமைத்தளை நாடெங்கும் சட்டத்தால் அறுக்கப்பட்டது. ஆயினும் விடுதலை பெற்றோர்க்கு நிலமும் இல்லை, கல்வியும் இல்லை. அடிமைக்கு எழுத்தறிவித்தல் குற்றம் என்று தென் மாநிலங்கள் பலவற்றில் முன்னர்ச் சட்டம் இருந்தது. அக்கொடுமையின் பயனாகத் தந்தையார் எழுதப் படிக்க அறியாதவராகவே வாழ்ந்தார்.

தச்சுத் தொழிலும் சிறு உழவும் குடும்பத்திற்குச் சோறிட்டன. பிள்ளைகளின் உழைப்பின்றி நாட்களை ஓட்ட முடியாத நிலை. எனவே சிறுவர் வுட்சன் ஆண்டில் நான்கைந்து திங்களே நடைபெற்ற ஓர் ஊர்ப் பள்ளியில், அதுவும் வயல்வேலை இல்லாத நாட்களிலும் மழை நாட்களிலும் மட்டும் கற்றார். ஆசிரியர்களாயிருந்தோர் அவருடைய தாய்மாமன்மார் இருவர். எஞ்சிய நாட்களில் தாமே படித்துக்கொண்டார். தந்தையார் எழுத்தறியாதவரேனும் தன்மானத்தின் உருவமாய் விளங்கினார். வறுமை காரணமாக எவரிடமும் தாழ்ந்து நிற்றல் கூடாது, கொள்கையை விற்று வயிறு வளர்த்தல் கூடாது என்பன அவர் மகனுக்குக் கற்பித்த பாடங்கள். பிற்காலத்தில் பல்கலைக்கழகங்கள் பலவற்றிற் பயின்ற வுட்சன், தந்தையாரிடம் கற்ற இப்பாடத்தையே தம் வாழ்வின் அடிப்படையாகப் போற்றினார்.

சுரங்கத்திற் கிடைத்த கல்வி

1892-ஆம் ஆண்டில் வுட்சன் தம் தமையனாருடன் மேற்கு வர்ஜீனியா மாநிலத்திற்குச் சென்றார். முதலில் இருப்புப்பாதை போடும் வேலை. பின்னர் ஃபயெட் வட்டத்து நிலக்கரிச் சுரங்க வேலை. வெயில் காணாத குழியினுள் நாள் முழுதும் கரி வெட்டுதல் எத்துணைக் கடுமையானது என்பதை உழைப்பாளி மக்களுக்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. ஆனால் அக்கரிக் குழியின் அருகிலேயே அவருக்கு ஓர் அறிவுச்சாலை வாய்த்தது.

ஆலிவர் ஜோன்ஸ் என்னும் சுரங்கத் தொழிலாளி ஒருவர் அங்கிருந்தார். அவர் உள்நாட்டுப் போரிற் போர்வீரராய்ப் பணியாற்றியவர். தம் வீட்டிலேயே சிற்றுண்டிக் கடை ஒன்றை அவர் நடத்தினார். வேலை முடிந்து வரும் கறுப்பினத் தொழிலாளர் மாலை வேளைகளில் அங்கே கூடுவர். ஜோன்சுக்கு எழுத்தறிவு இல்லை. ஆயினும் அவர் செய்தித்தாள்களை வரவழைத்தார். கறுப்பினப் போர்வீரர்களைப் பற்றியும், கறுப்பினச் சான்றோர்களைப் பற்றியும் வெளிவந்த நூல்களை விலைகொடுத்து வாங்கி வைத்திருந்தார். இளைஞர் வுட்சனுக்குப் படிக்கத் தெரியும் என்றறிந்ததும், நாள்தோறும் அவற்றை உரக்கப் படிக்குமாறு அவரை அமர்த்திக்கொண்டார். அதற்குக் கூலியாகத் தின்பண்டங்கள் இலவசமாய்க் கிடைத்தன.

வுட்சன் படிப்பார்; கரி படிந்த முகத்தோடு தொழிலாளர் கேட்பர். கேட்டபின் தாம் கண்ட போர்க்களங்களையும், தாம் பட்ட அடிமைத் துன்பங்களையும் அவர்கள் எடுத்துச் சொல்வர். அப்பொழுது வுட்சன் ஓர் உண்மையை உணர்ந்தார். எழுத்தறியாத இம்முதியோர் நெஞ்சில் ஒரு பெரிய வரலாறு கிடக்கின்றது. பள்ளிப் புத்தகங்களிலோ அதில் ஒரு வரியும் இல்லை. இவர்கள் இறந்தால் அதுவும் இவர்களோடு புதைந்துவிடும். அதனை எழுதி வைப்பார் யார்? அவருடைய வாழ்நாட் பணிக்கு வித்து இவ்விடத்திலேதான் ஊன்றப்பட்டது.

கல்வித் தேட்டம்

1895-ஆம் ஆண்டில், தம் இருபதாம் வயதில், ஹண்டிங்டன் நகரத்து டக்ளஸ் உயர்நிலைப் பள்ளியில் வுட்சன் சேர்ந்தார். இரண்டே ஆண்டுகளில் படிப்பை முடித்து 1897-இல் சான்றிதழ் பெற்றார். அதன்பின் சுரங்கத் தொழிலாளரின் பிள்ளைகளுக்கு ஆசிரியராய் இருந்தார். 1900-இல் தாம் பயின்ற டக்ளஸ் பள்ளிக்கே தலைமையாசிரியரானார். இடையிடையே கெண்டக்கி மாநிலத்துப் பெரியா கல்லூரியிற் பயின்று 1903-இல் பட்டம் பெற்றார். அக்கல்லூரி வெள்ளையரும் கறுப்பரும் ஒரே அறையில் அமர்ந்து கற்ற அரிய இடமாகும். அவர் பட்டம் பெற்ற மறு ஆண்டே, இருவரும் சேர்ந்து கற்றல் கூடாதென்று அம்மாநில அரசு சட்டம் இயற்றிற்று. ஓராண்டு பிந்தியிருந்தால் அக்கதவு அவருக்கு அடைபட்டிருக்கும்.

1903-இல் அமெரிக்க ஆட்சியின் கீழ் இருந்த பிலிப்பைன்ஸ் தீவுகளுக்கு ஆசிரியராகச் சென்று 1907 வரை பணியாற்றினார். அங்கே அவர் கண்ட ஒரு செய்தி நினைவிற் கொள்ளத்தக்கது. பெரும் பட்டங்கள் பெற்று வந்த ஆசிரியர் பலர், அத்தீவுச் சிறுவர் கண்டறியாத ஆப்பிள் மரத்தைப் பற்றிப் பாடம் நடத்தினர். வாஷிங்டன், லிங்கன் முதலியோர் கதைகளையே கூறினர். சிறுவர் மனத்தில் ஒன்றும் ஏறவில்லை. ஆசிரியப் பயிற்சியே பெறாத மற்றொருவர் வந்தார். அவர் அந்நாட்டு நாவல் மரத்தைக் காட்டிப் பாடச் செய்தார். அம்மக்களின் விடுதலைக்காக உயிர் நீத்த ஹோசே ரிசாலின் வரலாற்றைக் கூறினார். சிறுவர் முகம் மலர்ந்து கற்றனர். தம் மண்ணையும் தம் முன்னோரையும் விட்டு விலகிய கல்வி மனத்தில் வேர் கொள்ளாது என்பதை வுட்சன் அங்கே கண்ணாரக் கண்டார்.

தாயகம் திரும்பியபின் 1908-இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் முதுகலைப் பட்டமும், 1912-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் வரலாற்றுத் துறையில் டாக்டர் பட்டமும் பெற்றார். ஹார்வர்டில் டாக்டர் பட்டம் பெற்ற கறுப்பினத்தாருள் அவர் இரண்டாமவர். 1895-இல் பெற்ற டூபாய்ஸ் முதல்வர். அடிமைகளாயிருந்த பெற்றோரின் மகனாய்ப் பிறந்து வரலாற்றில் டாக்டர் பட்டம் எய்தியவர் அந்நாட்டில் வுட்சன் ஒருவரே. இத்தகைய கல்விக்கூடத்திலும் அவருடைய ஆசிரியர் ஒருவர், கறுப்பின மக்களுக்கு வரலாறு என்பதே இல்லை என்னும் கருத்துடையவராயிருந்தார். சுரங்கத்தில் முதியோர் வாய்மொழி கேட்டு வளர்ந்த வுட்சன் அதனை எங்ஙனம் ஏற்பார்? அவர் வாதிட்டு நின்றுவிடவில்லை. சான்று தேடப் புறப்பட்டார். வாஷிங்டன் நகரில் உயர்நிலைப் பள்ளி ஆசிரியராய் இருந்துகொண்டே, ஓய்வு நேரமெல்லாம் காங்கிரஸ் நூலகத்தில் பழைய ஏடுகளைத் துருவினார். 1861-க்கு முன் கறுப்பின மக்கள் பெற்ற கல்வியைப் பற்றிய அவர் நூல் 1915-இல் வெளிவந்தது.

சங்கம் தோன்றியது

அதே 1915-ஆம் ஆண்டில், அடிமைத்தளை நீங்கிய ஐம்பதாம் ஆண்டு நினைவாகச் சிகாகோவில் ஒரு கண்காட்சி நடைபெற்றது. ஆயிரக்கணக்கான கறுப்பின மக்கள் திரண்டு வந்து தம் முன்னோர் செய்த செயல்களின் அடையாளங்களை ஆவலுடன் கண்டனர். அக்கூட்டத்தைக் கண்ட வுட்சன், இவ்வார்வம் கண்காட்சியோடு கலைந்துபோதல் கூடாதென்று எண்ணினார். செப்டம்பர் 9-ஆம் நாள், அந்நகரத்து வாலிபர் கிறிஸ்தவ சங்கக் கட்டடம் ஒன்றில், நண்பர் நால்வருடன் கூடி, நீக்ரோ வாழ்வையும் வரலாற்றையும் ஆராயும் சங்கத்தை நிறுவினார். நீக்ரோ என்பது அந்நாளில் வழங்கிய சொல். இன்று அம்மக்கள் அதனை விரும்புவதில்லை. சங்கமும் அச்சொல்லைப் பிற்காலத்தில் நீக்கிவிட்டது. பழம்பெயரைக் குறிக்கவே ஈண்டு வழங்கினோம்.

சங்கம் பிறந்தது, பொருள் இல்லை. 1916 ஜனவரியில் சங்கத்தின் காலாண்டு ஆராய்ச்சி இதழ் வெளிவர வேண்டும். வுட்சன் தம் ஆயுள் காப்புறுதிப் பத்திரத்தின் பேரில் 400 டாலர் கடன் வாங்கி முதல் இதழை அச்சிட்டார். தமக்குப்பின் எவர்க்கேனும் பயன்படும் என்று சேர்த்த பொருளை ஓர் இனத்தின் நினைவைக் காப்பதற்கு ஈடு வைத்தார். அவ்விதழ் அன்று தொடங்கி அவர் வாழ்நாள் முழுதும் வெளிவந்தது. அடிமைகளின் விண்ணப்பங்கள், கடிதங்கள், அரசாங்கப் பதிவேடுகள் முதலிய மூலச் சான்றுகளை அது அச்சேற்றியது. 1830-ஆம் ஆண்டின் மக்கள் கணக்கெடுப்பை ஆராய்ந்து, அடிமைத்தளை நிலவிய காலத்திலேயே சுதந்தரமாய் வாழ்ந்த கறுப்பினக் குடும்பத் தலைவர்களின் பெயர்களைத் தொகுத்து 1925-இல் நூலாக வெளியிட்டார். பெயரில்லாதோர் என்று ஒதுக்கப்பட்டவர்க்குப் பெயர் இருந்தது என்று காட்டுவதற்கு இதனினும் சிறந்த விடை வேறென்ன வேண்டும்?

1919-இல் வாஷிங்டனிலுள்ள ஹோவர்டு பல்கலைக்கழகத்தில் உயர்பதவி ஏற்றார். அதன் தலைவரோடு கருத்து வேறுபட்டு 1920-இல் விலகினார். மேற்கு வர்ஜீனியாவில் ஒரு கல்லூரியில் ஈராண்டு பணியாற்றி, 1922-க்குப்பின் வேறு வேலை ஏதும் ஏற்காமல் சங்கத்திற்கே தம்மை ஒப்புவித்தார். வெள்ளையர் பதிப்பகங்கள் இத்தகைய நூல்களை ஏற்க முன்வாராமையால், 1921-இல் தாமே ஒரு பதிப்பகம் நிறுவியிருந்தார். வாஷிங்டனில் ஒன்பதாம் தெருவில் 1538-ஆம் எண்ணுள்ள வீட்டை வாங்கினார். கீழ்த்தளத்தில் நூல் விற்பனையும் அலுவலகமும். மேல்தளத்தில் அவர் உறக்கம். அவர் திருமணம் செய்துகொள்ளவில்லை.

வரலாற்று வாரம்

அறிஞர் படிக்கும் இதழ் மட்டும் போதுமா? பள்ளிப் பிள்ளைக்கும், வயலில் உழைப்போர்க்கும் இவ்வறிவு எங்ஙனம் சென்றடையும்? இவ்வினாவிற்கு விடையாக 1926 பிப்ரவரியில் முதல் வரலாற்று வாரத்தை வுட்சன் அறிவித்தார். அடிமை விடுதலை அறிக்கை வெளியிட்ட லிங்கனின் பிறந்தநாள் 12-ஆம் நாள். அடிமைத்தளையினின்று தப்பி வந்து விடுதலைக்குப் போராடிய ஃபிரெடரிக் டக்ளஸின் பிறந்தநாளாகக் கொண்டாடப்படுவது 14-ஆம் நாள். மக்கள் முன்னரே போற்றி வந்த இவ்விரு நாட்களையும் உள்ளடக்கிய வாரத்தை அவர் தேர்ந்தெடுத்தார். தொடக்கத்தில் வட கரோலினா, டெலவேர், மேற்கு வர்ஜீனியா மாநிலங்களின் கல்வித் துறைகளும், பால்டிமோர், வாஷிங்டன் நகரங்களின் பள்ளி நிருவாகங்களும் ஒத்துழைத்தன. ஆசிரியர்களுக்கு வேண்டிய படங்களும் பாடக் குறிப்புகளும் சிறு நாடகங்களும் சங்கத்திலிருந்து அனுப்பப்பட்டன. ஆண்டு முழுதும் மறந்திருந்து ஒரு வாரம் மட்டும் விழா எடுத்தால் போதும் என்பது அவர் கருத்தன்று. எல்லா மக்களின் வரலாறும் ஆண்டு முழுதும் பள்ளியில் இடம்பெறும் காலம் வரவேண்டும் என்பதே அவர் விழைவு.

1933-இல் அவர் எழுதிய, தம் மக்களுக்கு அளிக்கப்பட்ட தவறான கல்வியைப் பற்றிய நூல் மிகவும் புகழ் பெற்றது. கல்லாமையால் விளையும் கேட்டை எல்லாரும் அறிவர். கற்றவனும் தன் மக்களையே இழிவாக எண்ணுமாறு செய்யும் கல்வியின் கேட்டை அவர் அந்நூலில் எடுத்துக்காட்டினார். கிரேக்கரையும் உரோமரையும் போற்றிப் படித்த கறுப்பின மாணவன், ஆப்பிரிக்கக் கண்டத்தைப் பற்றி இழிவன்றி வேறொன்றும் கற்பதில்லை. பட்டம் பெற்றபின் தன் தெருவையும் தன் மக்களின் கடையையும் விட்டு விலகி ஓடுகின்றான். அத்தகைய கல்வி விலங்கின்றியே ஒருவனை அடிமையாய் வைத்திருக்கின்றது என்பது அவர் முடிபு.

பெரும்பொருளா, தன்னுரிமையா

இனி அவர் வாழ்வின் பெருஞ்சோதனையைக் கூறுவோம். 1920-களின் தொடக்கத்தில் கார்னெகி, ராக்பெல்லர் பெயர்களால் இயங்கிய அறநிலையங்கள் சங்கத்திற்கு 25,000 டாலர் வீதம் நன்கொடை அளித்தன. பெருந்தொகைகள் அவை; ஆராய்ச்சி விரிவடைந்தது. ஆனால் சில ஆண்டுகளுக்குப்பின், சங்கம் தனித்து இயங்குதல் தகாது, ஒரு கல்லூரியோடு இணைந்து அதன் மேற்பார்வையில் இருத்தல் வேண்டும் என்று நன்கொடையாளர் வற்புறுத்தினர். வுட்சன் இசையவில்லை. பொருள் கொடுப்போர் கையில் எழுதுகோலையும் கொடுத்துவிட்டால், எழுதப்படும் வரலாறு யாருடையதாகும்? 1930-களின் முற்பகுதியில் அந்நன்கொடைகள் நின்றுபோயின. நாடெங்கும் பொருளாதார வீழ்ச்சியால் மக்கள் வேலையிழந்து வருந்திய காலம் அது.

சங்கம் மூடப்படும் என்று பலர் எண்ணினர். வுட்சன் தம் மக்களிடமே சென்றார். கறுப்பினப் பள்ளி ஆசிரியர்கள், திருச்சபையார், மாதர் கழகத்தார், தொழிலாளர் ஆகியோர் ஒரு டாலரும் இரண்டு டாலருமாய் அனுப்பினர். தாமே குறைந்த ஊதியம் பெற்றுவந்த ஆசிரியைகள் வகுப்பிற் பிள்ளைகளிடம் காசு திரட்டி அனுப்பினர். பெருஞ்செல்வர் கொடை நின்றபின் சங்கத்தைத் தாங்கி நின்றவை இச்சிறு காணிக்கைகளே. வரலாற்று வாரம் ஊர்தோறும் பரவியிருந்தமையால் சங்கத்தைத் தம் வீட்டுப் பொருளாகவே எளிய மக்கள் கருதினர்.

இவ்விடத்தில் மேரி மக்லியாட் பெத்யூன் அம்மையாரைக் குறிப்பிடாதிருத்தல் முறையன்று. அவரும் 1875-இல் பிறந்தவர். அடிமைகளாயிருந்த பெற்றோரின் மகளார். 1904-இல் புளோரிடாவில் டேட்டோனா என்னும் ஊரில் ஒன்றரை டாலர் கைப்பொருளோடு ஐந்து சிறுமியர்க்குப் பள்ளி தொடங்கியவர். கரிக்கட்டையை எழுதுகோலாகக் கொண்டு தொடங்கிய அப்பள்ளி பின்னர்க் கல்லூரியாக வளர்ந்தது. 1936-இல் அவர் சங்கத்தின் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அப்பதவியை வகித்த முதற் பெண்மணி அவரே. 1951 வரை அப்பொறுப்பை ஏற்று நடத்தினார். ஆசிரியரும் சிறுவரும் எளிதிற் படிக்கத்தக்க இதழ் ஒன்று வேண்டும் என்று அவர் வலியுறுத்தியதன் பயனாக 1937 அக்டோபரில் அத்தகைய ஓர் இதழ் தொடங்கப்பட்டது. வுட்சன் ஆராய்ந்து எழுதினார். அம்மையார் மக்களிடையே எடுத்துச் சென்றார். கற்றோரும் மக்கட்டலைவரும் இங்ஙனம் கைகோத்தமையால் சங்கம் நிலைபெற்றது.

குணமும் குறையும்

சான்றோர் வரலாறு கூறுவோர் குணத்தை மட்டும் கூறிக் குறையை மறைத்தல் நேர்மையன்று. வுட்சன் கடுமையான இயல்புடையவர். தம்மைப்போலவே பிறரும் இரவு பகல் உழைக்க வேண்டுமென்று எதிர்பார்த்தார்; உதவியாளர் பலர் நெடுங்காலம் தங்கவில்லை. பின்னாளிற் பெருங்கவிஞராய்ப் புகழ் பெற்ற லாங்ஸ்டன் ஹியூசும் 1925-இல் சில காலம் அவரிடம் பணிபுரிந்து நீங்கினார். சங்கத்தின் நிருவாகத்தைப் பெரும்பாலும் தம் கையிலேயே வைத்துக்கொண்டார். அதனால் நண்பர் சிலரும் மனக்கசப்புற்றனர். தாம் கட்டிய வீட்டைப் பிறர் கைப்பற்றிவிடுவரோ என்னும் அச்சம் அவரை விட்டு நீங்கவில்லை போலும். எனினும் சங்கத்தின் பொருளால் அவர் இன்ப வாழ்வு வாழ்ந்தார் என்று பகைவரும் கூறியதில்லை. தாம் அரிதில் திரட்டிய ஆயிரக்கணக்கான பழஞ்சான்றுகளையும் காங்கிரஸ் நூலகத்திற்கே அளித்துவிட்டார்.

ஆப்பிரிக்க மக்களைப் பற்றிய ஒரு பெருங்கலைக்களஞ்சியம் இயற்றும் முயற்சியில் ஈடுபட்டிருந்தபோது, 1950-ஆம் ஆண்டு ஏப்ரல்த் திங்கள் 3-ஆம் நாள், ஒன்பதாம் தெரு வீட்டில் மாரடைப்பால் வுட்சன் காலமானார். அவருக்கு அப்போது வயது 74. கலைக்களஞ்சியம் முற்றுப்பெறவில்லை.

அவருக்குப்பின்

ஒருவர் கையில் வளர்ந்த நிலையங்கள் அவரோடு மறைவதை உலகிற் காண்கின்றோம். இச்சங்கமோ மறையவில்லை. ஹார்வர்டில் 1925-இல் டாக்டர் பட்டம் பெற்ற சார்லஸ் வெஸ்லி முதலிய அறிஞர்கள் பெத்யூன் அம்மையார்க்குப்பின் தலைமையேற்று நடத்தினர். 1976-இல், முதல் வார விழா நடந்த ஐம்பதாம் ஆண்டில், வாரம் திங்களாக விரிந்தது. அமெரிக்கக் குடியரசுத் தலைவரும் அதனை ஏற்றுப் போற்றினார். ஒன்பதாம் தெரு வீடு 2006-இல் தேசிய வரலாற்றுத் தலங்களுள் ஒன்றாக்கப்பட்டது. 2015-இல் சங்கம் நூறாண்டு நிறைவெய்தியது.

அன்பர்களே, வுட்சன் வாழ்வில் கற்கத்தக்கவை பல. அவற்றுள் ஒன்றை மட்டும் நெஞ்சிற் பதித்துக்கொள்வோம். வுட்சனின் நூல்களைப் படித்துப் பாராட்டுவோர் பலர். அவருக்கு நாள்தோறும் செய்தித்தாளைப் படிக்கத் தந்த ஆலிவர் ஜோன்ஸை நினைப்பவர் சிலர். எழுத்தறியாத அத்தொழிலாளி நூல்களை வாங்கி வைத்திராவிடில், அவ்விளைஞரின் அறிவுக்கண் எப்போது திறந்திருக்கும் என்று யார் கூற வல்லார்? பெயர் தெரியாத ஆசிரியைகள் அனுப்பிய ஒற்றை டாலர்கள் இல்லையேல், 1930-களிலேயே சங்கத்தின் கதவு அடைபட்டிருக்கும். எழுத வல்லவர் எழுதுவாராக. எழுத இயலாதவர் எழுதுவோரைத் தாங்குவாராக. அதுவும் இயலாத முதியோர் தாம் கண்டதையும் கேட்டதையும் வீட்டுப் பிள்ளைகளை அருகிலமர்த்திச் சொல்லி வைப்பாராக. மூத்தோர் சொல் மண்ணிற் புதையும் முன்னே கேட்டு எழுதிக்கொள்ளுதல் இளையோர் கடன்.